உணரியை மாற்றியும் அணையாத விளக்கு

பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான புதிர் இது. டாஷ்போட்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. கராஜில் ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட்டு, "ஒட்சிசன் சென்சர்" என்கிறார்கள். புதிதாக ஒன்றை வாங்கிப் போடுகிறோம். விளக்கு அணைகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து அதே விளக்கு, அதே குறியீடு. இதற்கிடையில் இன்னொரு விநோதம்: கொழும்புக்கு ஒரு நீண்ட பயணம் போய்வந்தால், யாரும் கை வைக்காமலே அது அணைந்துவிடுகிறது. ஊருக்குள் ஓடத் தொடங்கியதும் திரும்ப எரிகிறது.

புது உணரியும் பழுதென்றால், நீண்ட பயணத்தில் மட்டும் அது எப்படிச் சரியாகிறது?

இந்தக் கேள்வியைத் தலவிலயில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் இது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். அது உப்பைச் சுமந்துவரும் காற்று. பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலை வழியாக வரும் வீதியில், மார்ச்சிலும் ஓகஸ்டிலும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் வாகனங்கள் ஊர்ந்துதான் நகர முடியும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் மாற்றப்பட வேண்டிய கார்களெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய இரும்பு, உப்புக் காற்று, மெதுவான ஓட்டம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இந்த விளக்குக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டு காற்றுகளுக்கு நடுவே

கராஜில் சென்சர் என்று சொல்வதை இந்த அத்தியாயத்தில் உணரி என்றே அழைக்கிறேன். பெருவிரல் பருமனான ஓர் உலோகத் துண்டு அது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் திருகி இறுக்கப்பட்டிருக்கும். அதற்குள், ஒரு முனை மூடிய சிறு பீங்கான் குழல் இருக்கிறது. குழலின் வெளிப்புறத்தைப் புகை தொடுகிறது. உட்புறத்தை நாம் மூச்சுவிடும் அதே வெளிக்காற்று தொடுகிறது. இரு பக்கமும் மெல்லிய பிளாற்றினப் பூச்சு.

பீங்கான் என்றாலும் இது சாப்பாட்டுக் கோப்பைப் பீங்கான் அல்ல. சிறிதளவு இற்றியம் கலந்த சிர்க்கோனியம் ஒட்சைட்டு. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தாண்டியதும் மின்னேற்றம் பெற்ற ஒட்சிசன் அணுக்கள் அதனூடே நகரத் தொடங்குகின்றன. ஜேர்மனியின் கெட்டிங்கன் நகரில் வால்தர் நேர்ன்ஸ்ட் 1897இல் செய்த மின்விளக்கு இதே இயல்பை நம்பித்தான் எரிந்தது. முதலில் சூடாக்கிவிட்டால்தான் அதன் தண்டு மின்சாரம் கடத்தி ஒளிவிடும். இரண்டு பக்கங்களிலும் ஒரே பொருளின் அளவு வேறுபட்டால் எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்ற கணக்கையும் அவரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சொல்லியிருந்தார். இவை இரண்டையும் இணைத்து பொஷ் நிறுவனம் உருவாக்கிய உணரி, 1976இல் அமெரிக்காவுக்குப் போன வொல்வோ கார்களில் முதன்முதலாக ஏறியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், மீதிக் கதை முழுவதும் இதில்தான் நிற்கிறது. இந்த உணரி புகையிலுள்ள ஒட்சிசனை எண்ணிச் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் வெளிக்காற்றுக்கும் வெளியே ஓடும் புகைக்கும் ஒட்சிசனில் உள்ள வித்தியாசத்தையே மின்னழுத்தமாகத் தருகிறது. அந்த ஒட்சிசன் எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது.

ஒரு செங்குத்துச் சரிவு

உணரி 600 பாகை சூட்டில் இருக்கிறது என்று வைப்போம். புகைப் பக்கத்து ஒட்சிசன் பத்து மடங்கு குறையும் ஒவ்வொரு தடவையும் மின்னழுத்தம் சுமார் 0.04 வோல்ற்று கூடும். காற்றில் 21 சதவீதம் ஒட்சிசன். புகையில் 1 சதவீதம் மிஞ்சியிருந்தால் வித்தியாசம் இருபது மடங்குக்குச் சற்றே அதிகம். கிடைப்பது வெறும் 0.06 வோல்ற்று அளவில்தான்.

இப்போது பெற்றோலைக் கொஞ்சம் கூட்டுங்கள். எரியாமல் மிஞ்சிய காபன் ஓரொட்சைட்டும் ஐதரசனும் பிளாற்றினத்தின் மேல் கடைசித் துளி ஒட்சிசனையும் பிடித்து எரித்துவிடும். ஒட்சிசன் பத்து மடங்கு குறைவது ஒரு தடவையோடு நிற்காது. அடுத்தடுத்து இருபது தடவை நடப்பதற்குச் சமமாக அது வற்றிப்போகிறது. மின்னழுத்தம் 0.8, 0.9 வோல்ற்றுக்குத் தாவுகிறது. 1 கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற சரியான கலவைக்கு இருபுறமும் இந்தச் சரிவு செங்குத்தாக நிற்கிறது. 0.1 என்றால் காற்று அதிகம், 0.9 என்றால் பெற்றோல் அதிகம். நடுவில் 0.45.

இந்தச் சரிவுதான் உணரியின் பலம். அதன் பலவீனமும் இதுவே. புகையில் நூறில் ஒரு பங்கு ஒட்சிசன் தவறான வழியில் வந்து கலந்தாலே போதும், "காற்று அதிகம்" என்று உணரி உறுதியாகச் சொல்லிவிடும். அதன் பார்வையில் அது பொய்யும் அல்ல.

கணினியின் திருத்தம்

உணரி சொல்வதைக் கேட்டு காரின் கணினி பெற்றோல் அளவைக் கணத்துக்குக் கணம் கூட்டிக் குறைக்கிறது. நலமான எஞ்சின் சூடேறியபின் மின்னழுத்தம் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். அந்தத் தள்ளாட்டம் இருந்தால்தான் ஊக்கி மாற்றி, அதாவது நம்மவர்கள் கன்வேட்டர் என்னும் அந்தப் பெட்டி, மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருங்கே மாற்ற முடியும்.

வழக்கமான கணக்கைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக அல்லது குறைவாகப் பெற்றோல் விடுகிறது என்பதையும் கணினி குறித்துவைக்கிறது. இதை எரிபொருள் திருத்தம் என்போம். உடனடித் திருத்தம், நாட்பட்ட திருத்தம் என அது இருவகை. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்கேன் கருவிகளே இந்த எண்களைக் காட்டும். ஆனால் கராஜில் பெரும்பாலும் குறியீட்டைப் படித்துவிட்டுக் கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். நோயாளியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு காய்ச்சலைப் பார்க்காமல் அனுப்புவதற்கு இது சமம் என்பேன். விடை அந்த எண்களில்தான் இருக்கிறது.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம்

2000களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு ஜப்பானியப் பெற்றோல் கார். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்க வாயிலில் தனி உணரி ஒன்று உண்டு. புகைக்குழாயில், எஞ்சினோடு பொருந்தும் இணைப்பைக் கடந்து ஒரு சாண் தள்ளி ஒட்சிசன் உணரி. ஸ்கேனில் இரண்டு குறியீடுகள்: உணரியின் மின்னழுத்தம் குறைவு எனப் பொருள்படும் பி 0131, கலவையில் பெற்றோல் போதாது எனப் பொருள்படும் பி 0171. உணரி ஏற்கெனவே புதியது.

முதலில் உணரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, காற்று உள்ளே போகும் குழாயில் காபரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக ஸ்பிறே அடிக்கிறோம். அந்தத் திரவம் எரிபொருளாக எரியும். 0.1இல் படுத்துக் கிடந்த மின்னழுத்தம் உடனே 0.85க்கு எகிறுகிறது. ஸ்பிறேயை நிறுத்தினால் மறுபடி இறங்குகிறது. உணரி நலம். ஆகவே இன்னொரு புது உணரி இந்தக் காரைக் குணப்படுத்தாது.

அடுத்து திருத்த எண்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது, அதாவது ஐட்லிங்கில், திருத்தம் +25 சதவீதம். நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்துவைத்தால் +6 சதவீதம். இந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஒரு கதை சொல்கின்றன. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஐட்லிங்கில் எஞ்சின் வினாடிக்கு 2 கிராம் காற்றை இழுக்கிறது. 2500 சுற்றில் 8 கிராம். எங்கோ ஒரு கசிவு வழியாக வினாடிக்கு 0.6 கிராம் காற்று கணக்கில் வராமல் சேர்கிறது என்று வையுங்கள். ஐட்லிங்கில் அது 2இல் 0.6, அதாவது 30 சதவீதம். 2500 சுற்றில் 8இல் 0.6, ஏழரைச் சதவீதம். கசிவு அதே கசிவுதான். எஞ்சின் அதிகம் மூச்சு வாங்கும்போது அதன் பங்கு சுருங்கிப்போகிறது. வேகம் கூடினால் குழாய்க்குள் அழுத்தமும் ஏறுவதால் உள்ளே இழுபடும் காற்று இன்னும் குறையும், அதனால்தான் ஏழரைக்குப் பதிலாக 6.

ஐட்லிங்கில் 30 சதவீதம் தேவைப்படுகிறது, ஆனால் திருத்தம் 25இல் நின்றுவிட்டது ஏன்? கணினிக்கும் ஒரு வரம்பு உண்டு. நம் காரில் அது 25 என்று வைத்துக்கொள்வோம். அந்த எல்லைவரை போயும் உணரி 0.1ஐ விட்டு எழவில்லை. அப்போதுதான் கணினி கைவிட்டு விளக்கை எரிக்கிறது.

பெற்றோலின் அழுத்தம் குறைந்திருந்தால், பம்ப் தளர்ந்தோ பில்டர் அடைத்தோ இருந்தால், எண்கள் தலைகீழாக இருந்திருக்கும். ஐட்லிங்கில் சமாளித்து, வேகத்தில்தான் திருத்தம் ஏறும். இந்த ஒரே ஒப்பீடு பாதிச் சந்தேகங்களைக் கழித்துவிடுகிறது.

முன்னால் கசிவா, பின்னால் கசிவா

கசிவுதான் என்று தெரிந்துவிட்டது. அது எஞ்சினுக்கு முன்னால், காற்று உள்ளே போகும் பக்கத்திலா? எஞ்சினுக்குப் பின்னால், புகை வெளியேறும் பக்கத்திலா? திருத்த எண்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அனுபவமுள்ளவர்களையே ஏமாற்றும் இடம் இது.

புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். புகை சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் திறக்கும்போது ஒரு தள்ளு, பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது. அந்தக் கணத்தில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஐட்லிங்கில் தள்ளுகளுக்கு இடையே அவகாசம் அதிகம்.

அந்தக் காற்று எஞ்சினுக்குள் போகவே இல்லை. ஆனாலும் உணரியை அது தொட்டுவிட்டது. புத்தளம் களப்பின் உப்பு கடலைவிட மிஞ்சியிருக்கும் கோடையில், அதை அளக்க முகத்துவாரத்தில் போய் நீரை அள்ளினால் என்ன ஆகும்? கடல்நீரும் கலந்து களப்பின் உப்பு குறைவு என்றே காட்டும். இங்கும் அதேதான். எஞ்சினில் கலவை சரியாகவே இருந்தது. கலப்படமான புகையைப் பார்த்து உணரி "பெற்றோல் போதாது" என்றது. அதை நம்பிக் கணினி கால் பங்கு பெற்றோலை வீணாக ஊற்றத் தொடங்கியது.

இரண்டையும் பிரித்தறியும் வழி இங்கேயே கிடைக்கிறது. முன்பக்கக் கசிவில் எஞ்சினுக்குள் நிஜமாகவே காற்று கூடுகிறது. திருத்தத்தின் வரம்புக்குள் கணினி அதைச் சரிப்படுத்தியும் விடுகிறது, ஆகவே சிலிண்டரில் தீப்பொறி தரும் பிளக்குகள் இயல்பான மங்கல் பழுப்பாகவோ அதைவிட வெளிறியோ இருக்கும். பின்பக்கக் கசிவில் எஞ்சின் பெற்றோலில் மூழ்குகிறது. பிளக்கைக் கழற்றினால் நுனி கரி படிந்து கறுத்திருக்கும். பெற்றோல் செலவு கூடியிருக்கும். கருவி "பெற்றோல் குறைவு" என்கிறது, பிளக் "பெற்றோல் அதிகம்" என்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டால் தயங்காமல் காருக்கு அடியில் படுத்துவிடலாம்.

நம் காரில் பிளக்குகள் கறுப்பு. அடியில் பார்த்தால், எஞ்சினோடு குழாய் சேரும் இணைப்பில், காஸ்கட்டைச் சுற்றிச் சாம்பல் கலந்த கரிக் கோடு ஒன்று. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் அங்கே "டிக் டிக்" என்று மெல்லிய சத்தம். சூடேறி இரும்பு விரிந்ததும் சத்தம் மங்குகிறது. உறுதிப்படுத்த ஒரு மலிவான வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் காற்று வெளிவிடும் முனையைப் பின்பக்கக் குழாயில் பொருத்தி ஊதவிட வேண்டும். பிறகு இணைப்புகளில் சவர்க்கார நீர் பூச வேண்டும். குமிழி வரும் இடமே கசிவு. நம் காரில் காஸ்கட்டின் கீழ் ஓரத்தில் குமிழி பொங்குகிறது. அந்த இணைப்பை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்று துருவில் பாதியாக மெலிந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

வேலை: காஸ்கட், இரண்டு போல்ட், இரண்டு ஸ்பிரிங், குழாயின் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்துதல். பிறகு குறியீட்டை அழித்துவிட்டு ஓடவிட்டால், ஐட்லிங்கில் திருத்தம் +2, 2500 சுற்றில் +1. இந்த எண்களைப் பார்த்த பின்புதான் வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும். விளக்கு அணைந்திருப்பது அத்தாட்சி ஆகாது.

அணைந்து அணைந்து எரிவது ஏன்

ஒரே தடவை தவறு கண்டதும் பெரும்பாலான கணினிகள் விளக்கை எரிப்பதில்லை. தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் அதே தவறு தெரிந்தால்தான் எரிக்கும். ஓட்டம் என்றால், ஸ்டார்ட் பண்ணி, சூடேறி, சோதனைக்குத் தேவையான நிலைமைகள் அமைந்து, நிறுத்தும்வரை. கராஜில் குறியீட்டை அழிக்கும்போது கற்றுவைத்த திருத்தங்களும் அழிகின்றன. கணினி எல்லாவற்றையும் புதிதாகக் கற்று, மறுபடி இரண்டு ஓட்டங்களில் தோற்க வேண்டும். அதுதான் புது உணரி தந்த அந்த இரண்டு மூன்று நாள் நிம்மதி.

நீண்ட பயணத்தில் கார் பெரும்பாலான நேரம் 2000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. அங்கே திருத்தம் வரம்புக்குள்ளேயே இருக்கிறது. வழியில் நிறுத்தி நிறுத்திப் போய்வரும்போது இப்படி மூன்று ஓட்டங்களில் தொடர்ந்து தேறினால் கணினி விளக்கைத் தானாக அணைக்கிறது, குறியீடு மட்டும் சிலகாலம் நினைவில் தங்கும். ஓகஸ்ட் திருவிழா நாளில் அதே கார் ஏசி போட்டபடி சந்தியில் ஊர்ந்து நின்றால் முழுக்க முழுக்க ஐட்லிங்தான். விளக்கு எரிந்தே தீரும்.

உப்பு தின்னும் இரும்பு

இரும்பின் மேல் படியும் துருவும், துருவேறா எஃகின் மேல் இயல்பாக இருக்கும் காப்புப் படலமும் உப்பிலுள்ள குளோரைட்டுக்கு முன்னால் நிற்பதில்லை. உப்பு ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், ஆகவே மழை இல்லாத நாளிலும் துரு வேலை செய்கிறது. உள்ளிருந்தும் ஒரு தாக்குதல் உண்டு. 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லீற்றர் நீர் பிறக்கிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாக வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கடைக்கும் கோவிலுக்கும் மட்டும் ஓடும் காரில், குழாய் போதிய அளவு சூடாகாமல், அந்த நீர் உள்ளேயே தங்குகிறது. கரையோரத்துக் கார்களுக்கு மாதம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுவதும், வாரத்தில் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓடவிடுவதும் செலவில்லாத வைத்தியம்.

உணரியே குற்றவாளியாகும் நேரங்கள்

உணரி ஒருபோதும் பழுதாவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1980களிலிருந்து அதற்குள் சிறு சூடாக்கி ஒன்று பொருத்தப்படுகிறது. அதன் கம்பி அறுந்தால் பி 0135 போன்ற தனிக் குறியீடு வரும். அப்போதும் முதலில் பியூஸையும், உணரியின் வயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூப்பது சாதாரணம். எஞ்சின் ஒயில் எரிந்தால் அதிலுள்ள பொசுபரசு பிளாற்றினத்தை மூடும். சிலிக்கன் பசையைத் தாராளமாகப் பூசி காஸ்கட் ஒட்டினால் அதன் ஆவி வெள்ளைப் படிவாக உணரியைக் கொல்லும். ஈயம் கலந்த பெற்றோலும் அப்படித்தான் செய்துவந்தது. இலங்கையில் அது 2002இல் ஒழிந்தது நமது கார்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய நன்மை.

உட்பக்கத்து வெளிக்காற்று பல உணரிகளுக்கு வயர்களின் உறைக்குள் இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாகத்தான் வந்து சேர்கிறது. அறுந்த வயரை ஈயம் வைத்து ஒட்டினாலோ, இணைப்பில் கிரீஸை அப்பினாலோ அந்த மூச்சு அடைபடும். வித்தியாசத்தை அளக்கும் கருவிக்கு ஒரு பக்கமே இல்லாமல் போய்விடும்.

வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் கார் தேறிவிட்டது என்பதையும் நம்பி இருக்க வேண்டாம். கசிவு வழியே புகுந்த காற்று, மிகையான பெற்றோலின் கழிவை ஊக்கி மாற்றிக்குள் எரித்துவிடக் கூடும். சான்றிதழ் கையில் கிடைக்கும், பெற்றோல் வீணாவது நிற்காது. விளக்கின் வயரை வெட்டிவிடுவது, கன்வேட்டரைக் கழற்றி விற்றுவிட்டு வெறுங்குழாயை ஒட்டுவது ஆகிய இரண்டையும் செய்யாதீர்கள். அந்தக் குழாயின் முனை வெளிவிடுவதைப் பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளைதான் சுவாசிக்கிறது.

அடுத்த தடவை விளக்கு எரிந்து கராஜுக்குப் போனால், உணரியின் விலையைக் கேட்பதற்கு முன் பாஸிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஐட்லிங்கில் திருத்தம் எவ்வளவு, 2500 சுற்றில் எவ்வளவு. அவற்றைத் திகதியோடு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு பிளக்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகும் உணரிதான் பழுது என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.